சாரம் சிவந்தால் எலும்பா?

கேள்வி: ஜெலட்டினோடு ஹைட்ராக்சிஅபடைட் பொடியைக் கலந்து, எலும்புத் திசு வளர்க்க ஒரு சாரம் (செல்கள் பற்றிக்கொண்டு வளரும் தாங்குசட்டம்) செய்தேன். செல்களைப் போட்டு 21 நாள் கழித்து அலிசரின் சாயம் ஊற்றினால் செக்கச்செவேலென்று சிவந்துவிட்டது. எலும்பு உருவாகத் தொடங்கிவிட்டது என்று எழுதலாமா? (ஆய்வு மாணவி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அலிசரின் கால்சியத்தைக் கண்டால் சிவக்கும், அவ்வளவுதான். அது செல் படியவைத்த கால்சியமா நீங்களே கலந்த கால்சியமா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஹைட்ராக்சிஅபடைட் என்பதே கால்சியம் பாஸ்பேட்தானே! செல் போடாத சாரம் ஒன்றை அதே வளர்ப்புத் திரவத்தில் அதே 21 நாள் ஊறவைத்து அதே சாயத்தை ஊற்றிப் பாருங்கள், அதுவும் சிவந்துதான் நிற்கும். புதுச் சாரத்தை வைத்து ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, ஏனென்றால் திரவத்தில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் செல்லே இல்லாமலும் சாரத்தின் மேல் படியும். செல் போட்டு வளர்த்தது, செல் இல்லாமல் ஊறியது இரண்டிலிருந்தும் சாயத்தைக் கரைத்தெடுத்து அளந்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் செல்லின் கணக்கு. அது சொற்பமாக இருந்தால் வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைத்தான் எழுத வேண்டும். கூடவே எலும்பு செல்கள் உண்டாக்கும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ஆஸ்டியோகால்சின் என்ற இரண்டு புரதங்களையும் பார்த்துவிடுங்கள். அவை செல்லிடமிருந்து வருபவை, பொடியிலிருந்து வராது.

கேள்வி: அதே சாரம் அமுக்கச் சோதனையில் 6 மெகாபாஸ்கல் தாங்கியது. உள்பக்கப் பஞ்சு எலும்பின் வலிமை 2 முதல் 12 வரை என்கிறார்கள். அப்படியானால் தேறிவிட்டது அல்லவா?

பதில்: காய்ந்த துண்டையா அமுக்கினீர்கள்? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜெலட்டின் காய்ந்தால் கட்டை மாதிரி இருக்கும், தண்ணீர் குடித்தால் ஜெல்லி. உடம்புக்குள் காய்ந்த இடம் ஏது? 37 டிகிரி உப்புக்கரைசலில் ஒரு நாள் ஊறப்போட்டு ஈரத்தோடு அமுக்குங்கள், எண் எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். ஊறும்போதே கரைந்துபோனால் குறுக்கிணைப்பு, அதாவது ஜெலட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது, போதவில்லை என்று அர்த்தம். சரி, அதற்காகப் பிணைக்கும் ரசாயனமான குளூடரால்டிஹைடைத் தாராளமாக விட்டுவிடாதீர்கள், கழுவியும் மிஞ்சுவது செல்லைக் கொல்லும். மருத்துவப் பொருட்களின் செல் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10993-5 படி, உயிரோடு இருக்கும் செல்கள் ஒப்பீட்டுக் குழுவில் இருப்பதில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருளுக்கு நச்சுத்தன்மை இருக்கலாம் என்று கொள்வார்கள். அதனால் கடைசியாக வளர்ப்புத் திரவத்தில் கழுவி, அந்தத் திரவத்திலும் கொஞ்சம் செல்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் அமுக்கப் போங்கள்.