சின்ன ஓவியக்கூடம், கூடவே கச்சேரி: தாக்குப்பிடிக்குமா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பழைய வீடு பூட்டிக்கிடக்கிறது. அதன் கூடத்தையும் முற்றத்தையும் நண்பர்கள் 5 பேர் சேர்ந்து ஓவியக்கூடமாக மாற்ற நினைக்கிறோம். உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி, மாதம் ஒரு கச்சேரி. இது தாக்குப்பிடிக்குமா? கச்சேரி வைத்தால் படங்களை யாராவது பார்ப்பார்களா?

பதில்:

தாக்குப்பிடிக்கும். ஆனால் படம் விற்ற காசில் இல்லை. அதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

சென்னைப் புறநகரில் இதே மாதிரி ஒரு கூடத்தில் சில வருடங்களாகக் கூடமாட வேலை செய்கிறேன். படம் மாட்டுவது, ஜமக்காளம் விரிப்பது, "மைக் வேண்டாம் சார், நீங்க பாடினாலே போதும்" என்று பாடகரைச் சம்மதிக்க வைப்பது எல்லாம் என் பொறுப்பு. திறப்பு விழாவன்று கூட்டம் வரும். சமோசா தீரும். "பிரமாதம்" என்று வருகைப் பதிவேட்டில் எழுதுவார்கள். மறுநாள் பார்த்தால் விற்றதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டிய படம் ஒன்றோ இரண்டோ இருக்கும், வாங்கியவர் ஓவியரின் சித்தப்பாவாக இருப்பார். 5,000 ரூபாய்ப் படம் ஒன்று விற்று, கூடத்துக்கு 20 சதவீதம் என்று வைத்தால் கையில் நிற்பது 1,000 ரூபாய். கரண்ட் பில்லுக்கே போதாது. பெரிய கேலரிகள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கமிஷன் எடுப்பார்கள். நம்மைப் போன்ற இடத்தில் அப்படிக் கேட்டால் உள்ளூர் ஓவியர் அடுத்த முறை எட்டிப் பார்க்க மாட்டார்.

இது இன்றைக்கு வந்த சங்கடமும் இல்லை. 1960களில் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னால் நின்ற கேள்வியும் இதுதான்: படித்து வெளியே வரும் பிள்ளைகள் எதை வைத்துச் சாப்பிடுவார்கள்? அன்றைய மெட்ராஸில் நவீன ஓவியம் வாங்க ஆள் கிடையாது. அவரும் மாணவர்களும் மெழுகு தடவிச் சாயம் தோய்க்கிற பாத்திக் துணி, கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணம் சேர்ந்துதான் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலமாகி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆனது. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது இல்லை, மணல்தான். கைவினை வயிற்றைக் கவனித்துக்கொண்டதால், வாங்குபவனின் ரசனைக்கு வளைந்து கொடுக்காமல் அவர்களால் வரைய முடிந்தது. அங்கே திறந்தவெளி அரங்கம் ஒன்றையும் கட்டி, பாரதி என்று பெயர் வைத்து, கவிதை வாசிப்பு, நாட்டியம், இசை என்று நடத்தினார்கள். இப்போதும் அங்கே இண்டிகோ, லேபர்னம் என்ற இரண்டு கூடங்கள் வெளி ஓவியர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. போனால் பணிக்கரின் படங்களோடு, அந்தக் கிராமத்தில் வாழ்ந்த ஓவியர் கே. ராமானுஜத்தின் கோட்டோவியங்களையும் நிதானமாகப் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த ஆளுக்காக மட்டுமே ஈஞ்சம்பாக்கம் போகலாம்.

கொச்சிக் கோட்டையில் 1997இல் தொடங்கிய காஷி ஆர்ட் கஃபேயும் இதே வழிதான். காபியும் கேக்கும் சம்பாதிக்க, சுவரில் படங்கள் இருந்தன. எங்கள் கூடத்துக்குச் சோறு போடுவது சனிக்கிழமை காலை குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பு. உங்களுக்கு அது என்னவாக இருக்கும் என்று பாருங்கள். வகுப்பு, காபி, முற்றத்தை வார நாட்களில் வாடகைக்கு விடுவது, எதுவானாலும் சரி. மாதா மாதம் தவறாமல் வருகிற வரவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நன்கொடையை நம்பித் தொடங்காதீர்கள். முதல் வருடம் வரும். இரண்டாம் வருடம் கேட்பதற்கே நமக்குக் கூச்சமாகிவிடும்.

சரி, கச்சேரிக்கு வருவோம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், கச்சேரி வைத்தால்தான் பார்ப்பார்கள் என்பது. கண்காட்சிக்கு வருகிறவர் ஒரு படத்தின் முன் நிற்பது சில நொடிகள். கச்சேரிக்கு வந்தவர் அதே படத்தின் முன் ஒன்றரை மணி நேரம் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். பாட்டு உள்ளே போகும்போது கண்ணுக்கு வேறு வேலை இல்லை. எங்கள் தெருவில் வீணை கேட்க வந்த ஒரு அம்மா, வாசித்தவருக்குப் பின்னால் இருந்த கிணற்றடிப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் மத்தியானத்தில் தனியாக வந்து, "அந்தக் கிணத்துப் படம் இன்னும் இருக்காப்பா? ராட்டினத்துக் கயித்த ஏன் பாதியில விட்டுட்டாரு?" என்று கேட்டார். படத்தில் கயிறு உண்மையிலேயே பாதியில் நின்றிருந்தது. தினம் தினம் துடைக்கிற நான் அதைக் கவனித்ததே இல்லை.

அதனால் மேடையைக் கூடத்தின் குறுகிய முனையில் போடாதீர்கள். நீளச் சுவரின் நடுவில் பாடகரை உட்கார வையுங்கள். கேட்பவர்களுக்கு எதிரே ஒரு சுவர் முழுக்கப் படம் கிடைக்கும். படங்களின் மீதுள்ள விளக்குகளை அணைக்க வேண்டாம், கொஞ்சம் தணித்தால் போதும். கச்சேரியைத் திறப்பு விழாவன்று வைப்பது வீண், அன்று எல்லோரும் பேச வந்தவர்கள். கண்காட்சி பாதி ஓடிய பிறகு வையுங்கள். முடிந்ததும் கதவைச் சாத்தாமல் அரை மணி நேரம் விட்டு வையுங்கள், பேச்சே அப்புறம்தான் தொடங்கும்.

அடுத்தது சத்தம். வெறும் சுவரும் சிமெண்ட் தரையும் படத்துக்கு நல்லது, பாட்டுக்கு எமன். காலி அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், கணீரென்று திரும்பி வரும். தரை முழுக்க கனமான பவானி ஜமக்காளம், வாசலிலும் ஜன்னலிலும் தடித்த திரை, அப்புறம் ஆட்கள். மனித உடம்பு எதிரொலியை நன்றாக விழுங்கும். காலி அறையில் மைக் சரிபார்த்து வைத்த அளவு, கூட்டம் நிறைந்ததும் மாறிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 40 பேர் உட்காரும் கூடத்தில் குரலுக்கு மைக் வேண்டியதில்லை. வீணைக்கு மட்டும் ஒரு சின்ன மைக் கொடுங்கள், இல்லையென்றால் மிருதங்கம் அதை அமுக்கிவிடும். நாதஸ்வரமும் தவிலும் பறையும் முற்றத்துக்கு உரியவை. வீதிக்காகப் பிறந்த வாத்தியத்தை நாலு சுவருக்குள் வைத்தால் காதுக்கும் கஷ்டம், அந்த வாத்தியத்துக்கும் அவமானம். மின்விசிறிதான் பெரிய தலைவலி. ஆலாபனையின்போது அணைத்தால் வியர்க்கும், ஓடவிட்டால் தம்புராவே கேட்காது. மே மாதம் கச்சேரியே வேண்டாம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

இன்னொன்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள்: தலை எண்ணெய். சுவரோரம் உட்கார்ந்தவர்கள் சாய்வார்கள். மறுநாள் காலையில் வெள்ளைச் சுவரில், உட்கார்ந்த உயரத்தில், வரிசையாக வட்ட வட்டமாகக் கறை இருக்கும். எங்கள் கூடத்தில் கச்சேரியன்று சுவரை ஒட்டி மரப்பெட்டிகளை அடுக்கிவிடுவோம். யாரையும் "சாயாதீங்க" என்று சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் ஈரம் கக்கும். அந்தச் சுவரில் காகித ஓவியம் மாட்டாதீர்கள். படச் சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் பாட்டில் கார்க்கை வெட்டி ஒட்டினால் காற்று போக இடைவெளி கிடைக்கும்.

சட்ட விஷயம் சுருக்கமாக. ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் வைக்கக் கூடாது, முற்றமும் அதில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற இந்தியக் கணக்கில் அவர் பாட்டுக்கு 2033 வரை பதிப்புரிமை உண்டு. கட்டணம் வாங்காமல் அமெச்சூர் குழு பாடினால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டு சினிமாப் பாட்டு பாட வைக்கப் போகிறீர்கள் என்றால் உரிமம் வாங்கிவிடுங்கள்.

ஒரு மாலை பெசன்ட் நகர் கடற்கரையோரம் இருக்கும் ஸ்பேசஸுக்குப் போய்விட்டு வாருங்கள். நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த இடம் அது. ஆடம்பரம் இல்லாத ஓட்டுக்கூரை அரங்கில் ஆட்டம், பாட்டு, கண்காட்சி எல்லாம் நடந்திருக்கின்றன. எதையெல்லாம் கட்டாமல் விடலாம் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம்.

பதிவு செய்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, சங்கமாகப் பதிய 7 பேராவது வேண்டும். நீங்கள் 5 பேர். வெளியே இரண்டு பேரைத் தேடுவதானால் ஒருவர் கணக்கு எழுதத் தெரிந்தவராக இருக்கட்டும், இன்னொருவர் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவராக இருக்கட்டும். தவில் சத்தம் கேட்டு யாராவது சண்டைக்கு வந்தால் பேசுவதற்கு ஆள் வேண்டுமே.