வரலாற்று அமைப்புகளின் நிகழ்வுகளை இணையத்தில் பலரும் அறியச் செய்ய எப்படி உதவலாம்?

இணையவழி நிகழ்வு அறிவிப்பு என்பது, எங்கே, எப்போது, எதைப் பற்றி, யார் பேசுகிறார்கள் என்ற விவரங்களை, அமைப்பை முன்பின் அறியாதவரும் தேடிக் கண்டடையும் வகையில் எழுத்தில் வெளியிடுவதாகும். யாழ்ப்பாணத்தில் மந்திரிமனை என்ற பழைய மாளிகை பற்றியோ கந்தரோடை என்ற தொல்லியல் களம் பற்றியோ ஓர் உரை நடைபெறும்போது, அழகாக வடிவமைத்த ஒரு படம் மட்டுமே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவந்தால், வழக்கமாக வருபவர்களுக்கே அது மறுபடியும் போய்ச் சேரும்.

மூடிய குழுவுக்குள் பகிர்ந்ததைத் தேடுபொறி காணாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் அது எப்போதும் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. இலக்கம் எழுதாத வீட்டை அந்த ஒழுங்கையில் உள்ளவர்கள் அறிவார்கள், புதிதாக வரும் தபாற்காரர் அறியமாட்டார் என்பதைப் போன்றதே இது.

ஆகவே, உதவ விரும்புபவர் முதலில் படத்திலுள்ள அனைத்தையும் தட்டச்சு செய்து, எவரும் திறக்கக்கூடிய ஒரு பக்கத்தில் இடவேண்டும். திகதியுடன் ஆண்டையும் எழுதுங்கள். ஊர்ப்பெயரை ஆங்கிலத்திலும் தருவது, தமிழ் வாசிக்கத் தெரியாத புலம்பெயர் தலைமுறைக்கு வழிவிடும். நேரலை உண்டெனில் வெளிநாட்டு நேரத்தையும் குறிப்பிடுங்கள்: அந்த நாடுகளின் கோடைகாலத்தில், இலங்கையில் மாலை 5 மணி என்றால், இலண்டனில் பகல் 12.30, ரொறன்ரோவில் காலை 7.30. உரையின் ஒளிப்பதிவைப் பின்னர் அதே பக்கத்தில் இணைப்பதையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். 1981இல் பொது நூலகத்தை நெருப்புக்குப் பறிகொடுத்த ஊரில், அறிஞர் ஒருவர் பேசியது அந்த மண்டபத்தோடு முடிந்துவிடக் கூடாது.

பணம் செலுத்தி விளம்பரம் செய்தால்தான் செய்தி பரவும் என்று பலர் எண்ணுவது சரியன்று. பணம் தீர்ந்ததும் அந்த விளம்பரம் நின்றுவிடும், திறந்த பக்கமோ நிகழ்வு முடிந்த பின்னரும் தேடுபவருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும்.