வளையல் போடலாமா என்று கேட்கும் அக்காவுக்கு

கேள்வி: எனக்கு வயது 37. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டு வருஷம் முன்பு ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தபோது ஹெபடைடிஸ் பி இருப்பதாகச் சொன்னார்கள். மாத்திரை இப்போது தேவையில்லை, ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நான் போகவில்லை, கீழாநெல்லிதான் குடிக்கிறேன். மாமியார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். கணவர் ஹாலில் படுக்கிறார். சாயங்காலமானால் உடம்பில் சத்தே இருப்பதில்லை. என் அம்மா வயிறு வீங்கி 48 வயதில் போய்ச் சேர்ந்தார். குடி, வெற்றிலை எதுவும் கிடையாது. அப்புறம் நான்தான் தங்கையை வளர்த்தேன். அவளுக்கு இப்போது 26 வயது, ஆறாம் மாசம். எனக்கு அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று வாரத்தில் வளைகாப்பு. என் கையால் வளையல் போடலாமா? வயிற்றுப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: போடலாம். சந்தனமும் பூசலாம். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

அம்மா வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டிவிட்டீர்களே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். குடிக்காத மனுஷிக்கு வயிறு ஏன் வீங்கியது என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது யோசித்தீர்களா?

வயிறு வீங்க ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் மகளுக்கு ஹெபடைடிஸ் பி, அம்மா போனது இப்படி என்றால் எந்தக் கல்லீரல் மருத்துவருக்கும் முதல் சந்தேகம் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லீரலைத் தாக்குகிற, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற கிருமி இது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் உடம்பில் நிரந்தரமாகத் தங்கும். பிறக்கும்போதே தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்குத் தங்கிவிடும். முப்பது, நாற்பது வருஷம் சத்தமே இருக்காது. உங்களுக்கு முகாமில் தற்செயலாகத் தெரிந்தது. அதே வயிற்றில் பிறந்தவளுக்கு? நாடு முழுக்க இந்தத் தடுப்பூசி அட்டவணைக்குள் வந்ததே 2011-ல்தான். உங்கள் தங்கை பிறந்தபோது யார் போட்டிருப்பார்கள்?

அவளிடம் போய் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்! தாயில்லாத வீட்டில் அக்காதான் தாய் என்று நம்புகிறவள் நான். நீங்களும் அப்படித்தான் இருந்திருக்கிறீர்கள். சோறு ஊட்டி, தலை பின்னி, கல்யாணம் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். பெற்றவள் எதனால் செத்திருக்கலாம் என்பதை மட்டும் மறைத்துவிட்டீர்கள். புகுந்த வீட்டில் பேச்சு வரும் என்று பயந்திருப்பீர்கள். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நின்று சொல்லச் சொல்லவில்லை நான். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கர்ப்பகாலப் பரிசோதனைத் தாள்களை எடுத்து வரச் சொல்லுங்கள். சர்க்கரை, எச்ஐவி வரிகளுக்குப் பக்கத்தில் எச்பிஎஸ்ஏஜி (இந்தக் கிருமிக்கான ரத்தப் பரிசோதனை) என்று ஒரு வரி இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் மறுநாளே ரத்தம் கொடுக்கட்டும்.

ரியாக்டிவ், அதாவது கிருமி இருக்கிறது என்று வந்தால் உட்கார்ந்து அழ நேரமில்லை. கிருமியின் அளவைப் பார்ப்பார்கள். அதிகமாக இருந்தால் பிரசவத்துக்குச் சில மாதம் முன்பிருந்தே கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, கூடவே உடனடிப் பாதுகாப்புக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசி. பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் அந்த இரண்டாவது ஊசி இருப்பு இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள், ராத்திரி ஒரு மணிக்குத் தேடி அலைய முடியாது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் அம்மா காலத்தில் இதெல்லாம் எளிதில் கிடைக்காது. இன்றைக்கு எல்லாம் இருக்கிறது, உங்கள் தங்கைக்கு விஷயம் தெரிவதுதான் பாக்கி.

உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பார்க்க வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தட்டு, டம்ளர் கதை எனக்கு மனப்பாடம். ஊர்தான் மாறும், தட்டு அதேதான். இது சாப்பாட்டில், தண்ணீரில் வருவதில்லை. ரத்தம், தாம்பத்யம், பிரசவம், இவைதான் வழி. பிளேடு, பல்துலக்கும் பிரஷ், நகவெட்டி தனியாக இருந்தால் போதும். மாமியார் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை, பாவம், யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் கணவர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லையென்றால் ஆறு மாசத்தில் மூன்று ஊசியைப் போட்டு முடித்துவிட்டு உள்ளே வந்து படுக்கட்டும்.

கீழாநெல்லிக்கு ஒரு கதை உண்டு. சென்னையில் செய்த ஆய்வு ஒன்று 1988-ல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழிலேயே வந்து பெரிய நம்பிக்கை கொடுத்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. நீங்கள் அதைக் குடித்துக்கொண்டு, ஆறு மாசத்துக்கு ஒருமுறை வரச் சொன்னவரிடம் இரண்டு வருஷமாகப் போகவில்லை. இந்தக் கிருமி சும்மா இருக்கிறதா, கல்லீரலைத் தின்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும்தான் தெரியும். 2018-லிருந்து அரசுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். சாயங்கால அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். எல்லாப் பழியையும் கல்லீரல் மேல் போட வேண்டாம்.

வளைகாப்பு வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்கு பஸ் ஏறுங்கள். விழா அன்றைக்கு முதல் வளையலை நீங்களே போடுங்கள். கண்ணாடி வளையல் உடைந்து உங்கள் விரலைக் கீறினால் மட்டும் நகர்ந்து போய்க் கழுவி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து மீதி வளையலைப் போடுங்கள்.