கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வாத்தியங்களைப் பார்ப்பதால் என்ன கிடைக்கும்?

வாசிக்கவே படாத இசைக்கருவிகளைப் பார்ப்பதற்காக ஓர் அருங்காட்சியகத்துக்குப் போவதில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு. பெல்ஜியத்தின் தலைநகரான பிரசல்ஸில் உள்ள இசைக்கருவி அருங்காட்சியகத்தில் நான் செலவிட்ட இரண்டு நாட்களை வைத்து இதைச் சொல்கிறேன்.

‘ஓல்டு இங்கிலாந்து’ என்ற பெயரில் இயங்கிய பழைய அங்காடிக்காக 1899-இல் இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பப்பட்ட அழகான கட்டடத்தில் அது 2000ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. நான் சென்றபோது நுழைவாயிலில் ஒரு ஹெட்போனைக் கொடுத்தார்கள். ஒரு பெட்டியின் முன் போய் நின்றால் அதற்குரிய கருவியின் ஒலி காதில் எழும். நாலடி நகர்ந்தால் வேறொரு நாட்டின் இசை தொடங்கும். பழைய மரக்குழலில் மூச்சின் ஈரம் பட்டால் மரம் உப்பி வெடிக்கக்கூடும் என்பதாலும், நூற்றாண்டுகளைக் கடந்த மேற்பலகை முழுச் சுருதிக்கு முறுக்கிய நரம்புகளின் இழுவையைத் தாங்காமல் வளையக்கூடும் என்பதாலும்தான் அவற்றில் பலவற்றை வாசிக்காமல் வைத்திருக்கிறார்கள். துளைகளின் இடைவெளியும் பலகையின் கனமும் சிதையாமல் இருந்தால்தான் பின்னாளில் ஒரு கைவினைஞர் அதே அளவில் புதிய கருவியைச் செய்து பார்க்க முடியும்.

என்னை மிகவும் நெகிழவைத்தது அந்தச் சேகரிப்பு பிறந்த கதை. பிரசல்ஸ் இசைக்கல்லூரி மாணவர்கள் பழைய கருவிகளை நேரில் கண்டு பயில வேண்டும் என்பதற்காக 1877-இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது அதற்கு அடிப்படையாக இருந்தவை இரண்டு தொகுப்புகள். ஒன்று, இசை அறிஞர் ஃபெதீஸின் சேகரிப்பு. 1872-இல் பெல்ஜிய அரசு அதை வாங்கியிருந்தது. மற்றொன்று, கொல்கத்தாவைச் சேர்ந்த இசை அறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் 1876-இல் மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு அனுப்பிவைத்த ஏறத்தாழ நூறு இந்தியக் கருவிகள்.

முதல் காப்பாளரான விக்டர் மஹியோன் இவற்றையெல்லாம் எந்த முறையில் அடுக்கினார் என்பதைக் கவனியுங்கள். நரம்பு, காற்று, தட்டு என்று ஐரோப்பிய வாத்தியக்குழுவில் வழங்கிய பிரிவின்படி பார்த்தால், மிருதங்கமும் ஜால்ராவும் ஒரே கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும்; ஆனால் ஒன்றில் அதிர்வது தோல், மற்றொன்றில் அதிர்வது உலோகமே. எது அதிர்ந்து ஒலியை எழுப்புகிறது என்பதை அளவுகோலாகக் கொண்டு, 1880 முதல் வெளியிட்ட தம் விவரப்பட்டியலில் மஹியோன் கருவிகளை நான்காக வகுத்தார். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் நால்வகையும், தாகூர் தம் நூல்களில் விளக்கிய நால்வகையும் இதுவே. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்ததும் இதைத்தான். இசை ஆய்வாளர்களான எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டலும் கர்ட் சாக்ஸும் 1914-இல் இந்த அடித்தளத்தின்மேல் விரிவாக எழுப்பிய முறையே இன்று உலகெங்கும் உள்ள இசைக்கருவிக் காப்பகங்களில் பெரிதும் பின்பற்றப்படுகிறது. இதை அறிந்துகொண்டு அந்தத் தளங்களில் நடந்தபோது, அயல்நாட்டில் நிற்கிறேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

சாக்ஸஃபோனைக் கண்டுபிடித்த அடால்ஃப் சாக்ஸ் பெல்ஜியத்தில் பிறந்தவர் என்பதால் அவருடைய கருவிகளுக்கும் உரிய இடம் தந்திருக்கிறார்கள். அவற்றைவிட என்னை நெடுநேரம் நிறுத்தியது வின்கெல் என்பவர் 1821-இல் செய்த ‘கம்போனியம்’ என்ற தானியங்கி ஆர்கன். முட்கள் பதித்த இரண்டு உருளைகள் அதில் மாறி மாறி ஒலிக்கின்றன. ஒன்று வாசிக்கும் வேளையில் மற்றொன்று, தற்செயலாக அமையும் ஓர் இயக்கத்தால், அடுத்து வரவேண்டிய மாற்றத்தைத் தேர்ந்துகொள்கிறது. எந்த மின்சாரமும் இல்லாத காலத்தில் ஒரு பொறி தானாகவே கற்பனை ஸ்வரம் வாசிப்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் வியப்பு அடங்கவில்லை.

என் தாய்மாமா நாகஸ்வரக்காரர். ஷாம் எனப்படும் பழைய ஐரோப்பிய ஊதுகருவியின் ஒலியை ஹெட்போனில் கேட்டபோது, கோயில் வாசலில் நிற்பதுபோல உடல் சிலிர்த்தது. அன்றிரவு அவரைத் தொலைபேசியில் அழைத்து இதை விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “அதெல்லாம் சரி மாப்பிள்ளை, சீவாளியை எப்படிக் கட்டியிருக்கான்?” என்று, வாயில் வைத்து ஊதும் நாணலைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையில் மீண்டும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அந்தப் பெட்டியின் முன் போய்க் குனிந்து பார்த்தேன். நாகஸ்வரத்தில் சீவாளியைப் பொருத்தும் நம் கெண்டையைப் போலவே சிறிய உலோகக் குழாய். அதன்மேல் நூலால் இறுகச் சுற்றிய இரட்டை நாணல். ஊதுபவரின் உதடு பதிவதற்காக அதைச் சுற்றி ஒரு சிறிய மரக்கிண்ணம் மட்டும் கூடுதலாக இருந்தது. அதை ஒரு தாளில் வரைந்து மாமாவுக்கு எடுத்துவந்தேன்.