வல்லாரை மாத்திரையால் அறுந்த நரம்பு வளருமா?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் நரம்பு அறுந்துவிட்டது. தைத்துவிட்டார்கள். ஆனால் விரல் நுனிகளில் இன்னும் உணர்ச்சி இல்லை. செடிகளில் உள்ள சில பொருள்கள் நரம்பு செல்களை வளர்க்கும் என்று படித்தேன். வல்லாரை மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: நீங்கள் படித்தது பொய் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். எலியின் அட்ரினல் சுரப்பிக் கட்டியிலிருந்து எடுத்த பிசி12 என்ற செல்களைப் பல ஆண்டுகள் வளர்த்தவள் நான். தட்டில் உருண்டையாகக் கிடக்கும் அந்தச் செல்களுக்கு மருந்துக் கூர்க்கன் வேரிலிருந்து எடுக்கும் ஃபோர்ஸ்கோலினைக் கொடுத்தால், உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற, செல்லுக்குள் செய்தி கடத்தும் பொருள் கூடி, நரம்பு செல்லைப்போலச் சின்னச் சின்ன இழைகள் நீளும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று வீட்டுக்குக் கிளம்பவே மனம் வரவில்லை.

வல்லாரைக்கு வருவோம். 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆல்கஹாலில் இறக்கிய வல்லாரைச் சாறு நரம்பு செல்களின் இழைகளை நீளச் செய்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதமும் கூடவே இருந்தபோது கிடைத்த பலன் அது. தண்ணீரில் இறக்கிய சாறு பயன்படவில்லை. காயம்பட்ட எலிகளுக்கு ஆல்கஹால் சாற்றைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது அவை சீக்கிரம் தேறின. ஒரே செடிதான், ஆனால் எதில் இறக்கினோம் என்பதிலேயே பலன் மாறிப்போனது. உங்கள் மாத்திரைக்குள் எந்தச் சாறு, எவ்வளவு இருக்கிறது?

அளவு விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். ஊசியிலை மரமான யூவின் பட்டையில் கிடைத்த டாக்சால் புற்றுநோய் மருந்து. அந்தச் சிகிச்சையில் பலருக்குக் கைகால் மரத்துப்போகிறது. அதே டாக்சாலை மிகக் குறைந்த அளவில், தண்டுவடம் காயம்பட்ட எலிகளுக்கு அந்த இடத்திலேயே செலுத்தியபோது நரம்பிழைகள் வளர்ந்ததாக 2011இல் காட்டினார்கள். அதனால், செடியிலிருந்து வந்தது என்ற ஒரே நம்பிக்கையில் எதையும் விழுங்காதீர்கள். வல்லாரை மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. உங்களுக்குத் தைத்த மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சரி, விரல் நுனிக்கு எப்போது உணர்ச்சி வரும்? தைத்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 18 சென்டிமீட்டர் என்று வைத்தாலே ஆறு மாதம் ஆகிறது. தொடக்கத்தில் சில வாரங்கள் தாமதமும் உண்டு. மூன்று மாதத்தில் உணர்ச்சி இல்லாதது தோல்வி இல்லை, வளரும் முனை இப்போது உங்கள் உள்ளங்கையில் வந்துகொண்டிருக்கலாம். விரல் பக்கத்திலிருந்து மணிக்கட்டை நோக்கி, நரம்பு ஓடும் வழியில் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்று எங்கே தெறிக்கிறதோ, அந்த இடம்தான் முனை. அதைக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் அது விரலை நோக்கி நகர்வது தெரியும். நகரவே இல்லை என்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், சூடான பாத்திரத்தை அந்தக் கையால் எடுக்காதீர்கள். சுட்டாலும் விரலுக்குத் தெரியாது.