குழந்தைகளின் உடல் பருமனைத் தடுக்கப் பெற்றோர் ஒன்றுசேர்ந்து பள்ளியிடம் விதிமுறை கேட்பதால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "விழிப்புணர்வு" கேட்டால் ஒரு விழா கிடைக்கும். மேடை, பேனர், சிறப்பு விருந்தினர் எல்லாம் வரும்; மறுநாள் கேன்டீன் பழையபடி நடக்கும். கேன்டீன் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரியும் கால அட்டவணையில் ஒரு பீரியடும் கேட்டுப் பாருங்கள், சண்டை வரும். அந்தச் சண்டைக்குத் தயார் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை என்றாலும் ஊகிக்க முடிகிறது. பள்ளியிலிருந்து வந்த உடல்நலச் சீட்டில் உங்கள் பிள்ளையின் எடைக்கு எதிரே சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்திருக்கும். விசாரிக்கப் போன இடத்தில் "வீட்டில் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள், அம்மா" என்று அறிவுரை சொல்லி அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் "வளர்ப்பு அப்படி" என்று இன்னொருவர் இடித்துக் காட்டியிருப்பார். நீங்கள் அம்மா என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அப்பாவாக இருந்தால் மன்னிக்கவும். இந்த வசவை அப்பாக்கள் வாங்கி நான் பார்த்ததில்லை.

நான் மருத்துவன் அல்லன். உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் மொழியில் பி.டி. மாஸ்டர். "பி.டி. மாஸ்டருக்கு ஊட்டச்சத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்கள் தாராளமாக எழுதலாம். இடைவேளை மணி அடித்ததும் எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தினமும் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தவன் நான்.

வளர்ப்பைக் குறை சொல்பவர்களிடம் ஒரு கணக்குக் கேட்க எனக்கு ஆசை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1990ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 8 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2022இல் அது 20 சதவீதம். ஆள் கணக்கில் 39 கோடிக்கும் மேல். அவர்களில் 16 கோடிப் பேர் உடல் பருமன் என்ற அளவுக்கே போய்விட்டவர்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகத்துத் தாய்மார்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு கண்டிப்பைக் கைவிட்டுவிட்டார்களா? பிள்ளைகளின் நாக்கு அன்றும் இனிப்பைத்தான் கேட்டது. கைக்கெட்டும் தூரத்தில் என்ன விற்கிறார்கள், ஓட இடமும் நேரமும் இருக்கிறதா என்பவைதான் மாறிப்போயின.

எங்கள் பள்ளி கேன்டீன் வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பதனப் பெட்டி ஒன்று நின்றது. உள்ளே விளக்கு எரியும். நெற்றியில் குளிர்பான நிறுவனத்தின் பெயர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கண்மட்டத்துக்குச் சரியாக ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று இனிப்புப் பானங்கள். தண்ணீர்ப் பாட்டில் அடித்தட்டில் இருந்தது, குனிந்தால்தான் தெரியும். பெட்டியை அந்த நிறுவனமே இலவசமாகக் கொடுத்திருந்தது, எந்தத் தட்டில் எதை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பத்தடி தள்ளிக் குடிநீர்க் குழாய்கள். ஒன்றைத் திருகினால் திருகு சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வராது. அடுத்ததில் நூல் போல ஒழுகும். மூன்றாவதில் நன்றாக வரும், ஆனால் கீழே பாசி. காலை வைத்தால் வழுக்கும். விளையாடி வியர்த்து வரும் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டுமா?

330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு நாள் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல். நாளுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு 10 சதவீதம் என்பது 40 கிராம். ஒரு இடைவேளையிலேயே அன்றைய கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது.

சில பெற்றோர் சேர்ந்து இதைப் பேச ஆரம்பித்தபோது அவர்களும் விழிப்புணர்வு நாள்தான் கேட்டார்கள். நிர்வாகம் உடனே ஒத்துக்கொண்டது. செலவில்லாத கோரிக்கையை யார் மறுப்பார்கள்? ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, "காய்கறி உண்போம்" என்று ஊர்வலம். கடைசியில் பரிசுப் பையைத் திறந்தால் உள்ளே அதே குளிர்பானம்! விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவரே அதன் விநியோகஸ்தர்தான். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய சிறுமி மேடையைவிட்டு இறங்கும்போதே பாட்டிலைத் திறந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? காலையிலிருந்து வெயிலில் நின்றவள், தாகம்.

வெயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எந்த விழாவானாலும் சிறப்பு விருந்தினர் தாமதமாகத்தான் வருவார். அதுவரை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் பொறுப்பு பி.டி. மாஸ்டருடையது. மயங்கி விழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவரே. வந்தவர் பத்து நிமிடம் "ஓடி விளையாடுங்கள்" என்று பேசிவிட்டு, மேடையிலிருந்து கார்வரைக்கும் நடக்காமல் காரை மேடைக்கே வரவழைத்து ஏறிப் போவார். அவரை வரவேற்க ஒத்திகை பார்த்ததில் அந்த வாரத்து விளையாட்டு நேரம் முழுவதும் போயிருக்கும். என் வேலைக் காலத்தில் விசில் ஊதியதைவிட வரிசை சரி செய்ததுதான் அதிகமாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பரிசுப் பை கூத்துக்குப் பிறகு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் "கேன்டீன் குத்தகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்" என்று சொன்னேன். தாளாளர் பார்த்த பார்வையில் என் ஓய்வு நாள் முன்கூட்டியே வந்துவிடும்போல இருந்தது. பத்திரம் வந்தது. வாடகை, மின்கட்டணம், துப்புரவு, பாத்திரச் சேதம் என்று எல்லாவற்றுக்கும் ஷரத்து இருந்தது. என்ன விற்கலாம், என்ன விற்கக் கூடாது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

குத்தகைக்காரர் கெட்டவர் அல்லர். கூட்டத்துக்கு அவரையும் அழைத்தோம். "சார், பழம் நாலு நாளில் அழுகிவிடும், பாட்டில் மாதக்கணக்கில் இருக்கும். பாட்டில் வேண்டாம் என்றால் நான் வாடகையை எதில் எடுப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய் அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பள்ளி கேட்கும் வாடகைக்கு இனிப்புப் பானம் விற்றே ஆக வேண்டும். வேறு எதை விற்றாலும் கட்டாது. ஆகவே கோரிக்கை தாளாளர் பக்கம் திரும்பியது: வாடகையைக் குறையுங்கள், பதிலுக்கு இனிப்புப் பானமும் பொட்டலத் தீனியும் கூடாது என்று பத்திரத்தில் எழுதுங்கள், அந்த நிறுவனங்களின் விளம்பரமும் பரிசும் பள்ளிக்குள் வேண்டாம். தாளாளர் மேடைக்கு மேடை "நான் லாபத்துக்காகப் பள்ளி நடத்தவில்லை" என்று சொல்பவர். அந்தத் தாய் அதே வாக்கியத்தை மிகுந்த மரியாதையோடு அவருக்கு நினைவூட்டினார். வாடகையில் நாங்கள் கேட்ட குறைப்பில் பாதி கிடைத்தது. பெட்டி போக அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் பெட்டி போவதற்கு முன்பே குழாய்களைச் சரி செய்யச் சொன்னோம். இந்த வரிசை முக்கியம். ஜெர்மனியில் டார்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களின் தொடக்கப் பள்ளிகளில் செய்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. குடிநீர் ஊற்று வைத்து, தண்ணீரைப் பற்றிச் சில பாடங்களும் நடத்திய பள்ளிகளில், பிள்ளைகளுக்கு எடை மிகும் வாய்ப்பு மற்றப் பள்ளிகளைவிட 31 சதவீதம் குறைந்தது. குழாய் ரிப்பேர் என்றால் எந்த நிர்வாகமும் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாது. அதில் ஆரம்பியுங்கள்.

இனி என் சொந்தப் புண். பி.டி. பீரியட். தேர்வு நெருங்கினால் வகுப்பு வாசலில் கணக்கு ஆசிரியர் நிற்பார்: "சார், பாடம் முடியவில்லை, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் கொடுத்துவிடுங்கள்." நாளைக்கு அறிவியல் ஆசிரியர். மழை பெய்தால் பி.டி. இல்லை, விழா என்றால் பி.டி. இல்லை, வகுப்பில் சத்தம் போட்டால் அதற்குத் தண்டனையும் பி.டி. இல்லை என்பதுதான். 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதுக்காரர்களில் உலகளவில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று 2019இல் வெளியான கணக்கு சொல்கிறது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அந்த நிமிடங்களை வாங்கிக்கொண்டவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும்.

நாங்கள் கேட்டு வாங்கியது சின்ன விதி. பி.டி. பீரியடை எடுத்துக்கொள்பவர் அதற்கென்று வைத்த பதிவேட்டில் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதே வாரத்தில் தன் பீரியட் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். தடை எதுவும் இல்லை, கையெழுத்து மட்டுமே. எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

மைதானத்துக்கு வந்தால் மட்டும் போதாது. பருத்த பிள்ளையிடம் ஸ்கோர் எழுதும் நோட்டைக் கொடுத்து உட்கார வைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அணி பிரிக்கும்போது கடைசிவரை நிற்பதும் அதே பிள்ளை. அதிகம் ஓட வேண்டியவன் நிழலில் உட்கார்ந்து அடுத்தவன் அடித்த கோலைக் குறித்துக்கொண்டிருப்பான். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் எலெய்ன் வைலி என்ற தலைமையாசிரியை 2012இல் "டெய்லி மைல்" என்று ஒன்றை ஆரம்பித்தார். தினமும் 15 நிமிடம், போட்டிருக்கும் சீருடையிலேயே, முடிந்தவர் ஓடலாம், முடியாதவர் நடக்கலாம். போட்டி இல்லை, முதலிடம் இல்லை. பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. அணி பிரிக்காத எதுவும் அந்தப் பிள்ளைக்கு நல்லது.

"அரசாங்கமும் பள்ளியும் பிள்ளையின் வாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்பார். விளக்கு போட்ட பெட்டியைக் கண்மட்டத்தில் வைத்தவன் ஏற்கெனவே எட்டிப் பார்த்தாகிவிட்டது, ஐயா. "மெலிந்து கிடக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இது என்ன பணக்காரக் கவலை?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு வகைப் பிள்ளைகளும் என் ஒரே வகுப்பில்தான் இருந்தார்கள்; சர்க்கரைத் தண்ணீரால் மெலிந்த பிள்ளைக்கும் சத்து ஏறுவதில்லை. இன்னொன்று: பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்துச் சத்தமாகப் படிக்கும் திட்டத்தை யாராவது கொண்டுவந்தால் முதல் ஆளாக எதிர்த்து நில்லுங்கள். நாங்கள் எங்கள் விதிகளில் எடை என்ற சொல்லையே சேர்க்கவில்லை.

பெரிய அளவிலும் இதே போக்குத்தான். மெக்சிகோவில் மக்கள் அமைப்புகள் விடாமல் கேட்டதன் பிறகு 2014 ஜனவரியிலிருந்து சர்க்கரைப் பானத்துக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி வந்தது. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் வந்த வரி, 100 மில்லியில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை சேர்த்த பானங்களை விட்டுவிட்டது. வரி அமலாகும் முன்பே பல நிறுவனங்கள் தாமாகச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. சிலியில் 2016இலிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை. அந்த முத்திரை உள்ளதைப் பள்ளிக்குள் விற்க முடியாது, பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன் படமும் அதில் கூடாது. ஒரு நாடே செய்யும்போது ஒரு தாளாளரைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு கடினமா என்ன?

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டிக்கடை செழித்தது; எங்கள் பழைய குளிர்பதனப் பெட்டியே இடம்பெயர்ந்து அங்கே போய் நின்றது என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஆனாலும் ஒவ்வொரு இடைவேளைக்கும் கேட்டைத் தாண்டிப் போக முடியாது. குழாயடியில் வரிசை நின்றது.

உங்கள் பள்ளியில் கேன்டீன் குத்தகை எப்போது முடிகிறது என்று முதலில் விசாரியுங்கள். புதுப்பிக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த தவணைவரை யாரும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அதற்கு முன்பே கழகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். கணக்குப் போடத் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.