பட்டத்துக்கு முன்னால் பட்டறையில் ஓராண்டு

"மகள் எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிறாள். வேலையாட்கள் சலித்துக்கொள்கிறார்கள். இவளுக்குத் தொழில் சரிப்பட்டு வருமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டைப்பெட்டி தயாரிக்கும் உங்கள் சிறிய பட்டறையை அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதற்கு முன் பெரிய பெயர் வாங்கிய கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்தாக வேண்டும் என்பது அவளுடைய பெரியப்பாவின் தீர்ப்பு. பட்டறையை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். கவலைப்படும் பெற்றோருக்கு நான் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் வார்த்தைகளை இங்கே சொல்லப்போவதில்லை. படித்து முடித்து அவள் திரும்பும் நாளில் அவள் தலையில் பெரிய கடன் இருக்கும். ஆர்டர் குறைந்த மாதத்திலும் தவணை வந்து நிற்கும். அந்த நிலையில் இருப்பவர் புதிய வடிவத்தை முயன்று பார்க்க மாட்டார். தெரிந்த பெட்டியையே தெரிந்த வாடிக்கையாளருக்குச் செய்துகொடுத்து மாதத்தை ஓட்டுவார். சிறுதொழில் வளர்வதற்குச் சிறிய நட்டங்களைத் தாங்கும் இடைவெளி வேண்டும். அடமானம் முதலில் விழுங்குவது அந்த இடைவெளியைத்தான்.

எம்.பி.ஏ. பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனத்தில் சேர விரும்புகிற பிள்ளைக்கு அது நல்ல வழி. அதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது, நான் பேச வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு அது இப்போது தேவையில்லை, அவ்வளவுதான். ஆர்வம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற அறிஞர் 1994-இல் ஒரு விளக்கம் தந்தார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் படும்போதுதான் ஆர்வம் எழுகிறது என்றார். ஒன்றுமே தெரியாதவருக்குக் கேள்வி வராது; எல்லாம் தெரியும் என்று நினைப்பவருக்கும் வராது. உங்கள் மகளுக்குப் பட்டறை பாதி தெரியும். கேள்விகள் வந்து குவிகிற பருவம் இது. இந்த நேரத்தில் அவளை வேறு தொழில்களின் கணக்குகளைப் படிக்க அனுப்பிவிட்டு, சொந்தத் தொழிலின் கேள்விகளை ஆறப்போடச் சொல்கிறார் பெரியப்பா.

நான் சொல்லும் வழியை யாரும் படிப்பு என்று ஏற்றுக்கொள்வதில்லை. ஓராண்டு, எழுதி வைத்த திட்டத்தோடு, சம்பளத்தோடு, அவள் உங்கள் தொழிலை ஆராயட்டும்.

முதல் சில மாதங்கள் கணக்கும் கழிவும். எந்த வாடிக்கையாளரின் ஆர்டரில் லாபம் நிற்கிறது, எதில் வெட்டுக்கழிவு அதிகம், யார் பணத்தை இழுத்தடிக்கிறார்கள் என்பதை அவளே பேரேட்டிலிருந்து எடுத்து எழுதட்டும். பல முதலாளிகள் மொத்த விற்பனையை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் தனித்தனியே என்ன மிஞ்சியது என்று கேட்டால் தயங்குவார்கள். அவளுடைய கேள்வி அங்கிருந்து தொடங்கினால் கற்பனையில் அலையாது.

அடுத்து அவள் பட்டறையை விட்டு வெளியே போக வேண்டும். உங்கள் பெட்டியை வாங்குகிறவரின் கிடங்கில், அவருடைய அனுமதியோடு, சில வாரங்கள் நிற்கட்டும். பெட்டி அங்கே எப்படி அடுக்கப்படுகிறது, எங்கே நசுங்குகிறது, பொருளை உள்ளே வைப்பவர் எந்த இடத்தில் கூடுதலாக டேப் ஒட்டுகிறார் என்று பார்க்கட்டும். "எங்கள் பெட்டி பிடித்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்க வேண்டாம்; முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்று சொல்பவர் குறைவு. "கடைசியாக எப்போது பெட்டி கிழிந்தது? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று நடந்ததைக் கேட்கட்டும். உங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டவர்களிடமும் போகட்டும். அந்தப் பட்டியலை நீங்கள் இதுவரை எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

டொயோட்டா கார் நிறுவனத்தில் டாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் பரப்பிய ஒரு வழக்கம் உண்டு: ஒரு கோளாறுக்கு 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பது. அடியில் இருந்த பெட்டி நசுங்கியது. ஏன்? அட்டை தளர்ந்துவிட்டது. ஏன்? ஈரம் ஏறியது. ஏன்? வெறும் தரையில் அடுக்கியிருந்தார்கள். இங்கே வந்து சேர்ந்தால், விலை கூடிய அட்டைக்கு மாறுவதற்குப் பதில் ஒரு மரத்தட்டு போதும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லலாம். அன்றைக்கு விற்பனை அதிகரிக்காது, ஆனால் அடுத்த ஆர்டருக்கு அவர் உங்களைத்தான் தேடுவார்.

ஒரு நிபந்தனை. கேள்வி "எப்படி நடந்தது?" என்று இருக்க வேண்டும், "யார் செய்தது?" என்று இருக்கக்கூடாது. உங்கள் வேலையாட்கள் சலித்துக்கொள்வதாக எழுதினீர்களே, அவர்கள் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னால் திட்டு விழும் என்றால் எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. நியூயார்க்கில் காகிதப் பை செய்துவந்த ராபர்ட் கெயரின் ஆலையில், 1879-இல், மடிப்புக்கோடு போட வேண்டிய உலோகத் தகடு இடம் மாறிப் பைகளை வெட்டிவிட்டது. வீணான சரக்கைக் கண்டு ஆளைத் திட்டுவதோடு விஷயம் முடிந்திருக்கலாம். வெட்டுவதையும் மடிப்புக்கோடு போடுவதையும் ஒரே ஓட்டத்தில் செய்தால் என்ன என்று அவர் யோசித்தார். தட்டையாக அனுப்பி, வேண்டும்போது மடித்துக்கொள்ளும் பெட்டிகளைப் பெருமளவில் செய்ய அது வழி திறந்தது. நீங்கள் அன்றாடம் வெட்டி மடிப்பதும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆண்டின் கடைசிப் பகுதியில் அவள் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துபார்க்கட்டும்: ஒரு வாடிக்கையாளர், ஒரு வடிவம், குறைந்த எண்ணிக்கை. என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறாள், எவ்வளவு நட்டம் வந்தால் நிறுத்துவாள் என்பதை முன்கூட்டியே எழுதி உங்களிடம் தர வேண்டும். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் பலன் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். பத்தை ஆரம்பித்து ஒன்றையும் முடிக்காத பழக்கம் அவளிடம் இருந்தால் இங்கே வெளிப்பட்டுவிடும். அதில் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்களிடமும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறொருவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை அவளுக்கும் கொடுங்கள். வீட்டுப் பிள்ளைதானே என்று இலவச ஆளாக்கினால் இந்த ஏற்பாடு முதல் மாதமே செத்துவிடும். விடை தெரியாத கேள்வியை அவள் கேட்டால் "தெரியாது" என்று வேலையாட்களின் முன்னாலேயே சொல்லுங்கள். ஆண்டு முடிவில் தொழில் வேண்டாம், வேறு துறைக்குப் போகிறேன் என்றாலும், எம்.பி.ஏ. படிக்கத்தான் வேண்டும் என்றாலும் தடுக்காதீர்கள். அப்போது அவள் படிக்கப் போனால் தன் கேள்விகளோடு போவாள், கட்டணத்துக்கு உதவித்தொகை தேடவும் நேரம் இருக்கும். பட்டறைப் பத்திரம் மட்டும் அப்போதும் வெளியே போகக்கூடாது.

கல்லூரிக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது என்கிறீர்கள். கட்ட வேண்டாம். பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், அந்தப் பொறுப்பை மகளின் மேல் போடாதீர்கள். அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். உங்களிடம் வாங்குவதை நிறுத்திய வாடிக்கையாளர்களின் பட்டியலும் கையில் இருக்கட்டும். முதலில் யாரைப் பார்க்கப் போவது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.